கொற்கை முதல் மணப்பாடு வரை: வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

குழு அன்பர்களுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வணக்கம். மும்பையில் வாழும் என் அத்தை பங்குனி முதல் வாரம் ஊருக்கு வருகிறார்கள். முழங்கால் வலியால் உயரமான படிகளில் ஏற முடியாத அவர்களுக்கு, நம் முத்துக்குளித்துறைக் கடலோரத்தை நிதானமாகக் காட்ட வேண்டுமென்று மிகவும் விரும்புகிறேன்.

ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், காயல்பட்டினம் வழியாகச் செல்லும் ரயிலில் போய்த் திருச்செந்தூரில் தங்கலாம் என்பது என் எண்ணம். கிருத்திகை, சஷ்டி நாள்களைத் தவிர்த்தால் அறை கிடைப்பது எளிதா?

கொற்கையைத் தவறவிட எனக்கு மனமில்லை. சங்கப் பாடல்கள் முத்துக்காகப் புகழ்ந்த பாண்டியர் துறைமுகம், தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் படிந்து கடல் விலகியதால், இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அடிமரம் முறுக்கிக் கிடக்கும் அந்தப் பழைய வன்னி மரத்தையும், குளத்தையொட்டிய வெற்றிவேலம்மன் கோயிலையும் அத்தை பார்க்க வேண்டும். கொற்கைக்குப் போக, பக்கத்து ஊரான ஏரலில் பேருந்துக்குக் காத்திருப்பதா, ஆட்டோ பேசிக்கொள்வதா? ஆட்டோவென்றால் காத்திருப்புக்கும் சேர்த்து நியாயமான கட்டணம் எவ்வளவு?

மணப்பாட்டில், 1542இல் இக்கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும், மணல் குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயிலும் இருக்கின்றன. வண்டி கோயில் வாசல்வரை செல்லுமா, குகைக்கு இறங்கும் படிகளில் கைப்பிடி உண்டா என்பதை அண்மையில் சென்றவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். அங்கிருந்து திருச்செந்தூருக்கு மாலையில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள்.