ஹெம்ப்ஹில் கொலம்பியா நினைவு அருங்காட்சியகம்: 11 வயது மகளைக் கூட்டிப் போகலாமா?

மலர்_ஹூஸ்டன்

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் பள்ளியில் கல்பனா சாவ்லாவைப் பற்றிப் பேசப் போகிறாள். அதற்காகத் தேடிப் படித்தபோது, கிழக்கு டெக்சாஸில் ஹெம்ப்ஹில் என்ற சின்ன ஊரில், கல்பனா உட்பட ஏழு பேரோடு 2003-ல் உடைந்து விழுந்த கொலம்பியா விண்கலத்துக்கு ஒரு அருங்காட்சியகம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து "எப்போ போறோம்?" என்று ஒரே கேள்விதான். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். தமிழ்நாடு அரசு ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் துணிச்சலான பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுக்கிறது அல்லவா, அதை டிவியில் தவறாமல் பார்க்கிறவர் அவர்.

எனக்குத்தான் தயக்கம். எங்கள் வீட்டிலிருந்து போக மட்டும் மூன்று மணி நேரம் ஆகும். இங்கேயே பெரிய விண்வெளி மையம் இருக்கும்போது, ஆயிரம் பேர் வாழும் ஊரில் போய் என்ன பார்க்கப் போகிறோம்? அதைவிட முக்கியமான கவலை, அது உடல்களைத் தேடி எடுத்த ஊர். பிள்ளை பயந்துவிடுவாளோ? போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

டல்லாஸ்_ரவி

நாங்கள் இரண்டு பையன்களோடு போனோம். சின்னவனுக்கு அப்போது எட்டு வயது. கோரமான படம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஊர் நூலகத்தோடு சேர்ந்த கட்டடம், சிறியதுதான். ஏழு பேரைப் பற்றியும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். சின்ன ஊர் என்பதால் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முந்தின நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

பைன்காடு

மலர், கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003-ல் நான் நாக்கடோச்சஸில் வனவியல் முதுகலை மாணவன். ஹெம்ப்ஹில்லுக்கு மேற்கே ஒரு மணி நேரத் தொலைவு. பிப்ரவரி 1, சனிக்கிழமை, காலை எட்டு மணி. அறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். இடி மாதிரி ஆரம்பித்தது, ஆனால் இடி இவ்வளவு நேரம் நீடிக்காது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்து அறைக்காரன் எரிவாயுக் குழாய்தான் வெடித்திருக்கும் என்றான். டிவியைப் போட்ட பிறகுதான் தெரிந்தது. 16 நாள் விண்ணில் இருந்துவிட்டு ஃப்ளோரிடாவில் இறங்க வேண்டிய கொலம்பியா, இன்னும் கால் மணி நேரத்தில் தரை தொட வேண்டியது, எங்கள் தலைக்கு மேலேயே உடைந்து சிதறிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் துண்டுகள். வங்கி வாகன நிறுத்தத்தில், பள்ளிக்கூட மைதானத்தில், வீட்டுக் கொல்லைகளில்.

எங்கள் வனவியல் துறையில் ஜிபிஎஸ் கருவிகள் இருந்தன, வரைபடம் போடத் தெரிந்த மாணவர்கள் இருந்தோம். ஒரு காவலர், கருவியோடு ஒரு மாணவர் என்று ஜோடி சேர்த்து அனுப்பினார்கள். வேலை இதுதான்: யாராவது துண்டு கிடக்கிறது என்று போன் செய்தால் போவது, இடத்தைக் குறிப்பது, படம் எடுப்பது, பக்கத்தில் சின்னக் கொடி நடுவது. தொடவே கூடாது. விண்கலத்தின் எரிபொருள் கடும் நஞ்சு, எதில் ஒட்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அள்ளுகிற வேலைக்குச் சுற்றுச்சூழல் துறை ஆட்கள் பின்னால் வருவார்கள்.

இரண்டாம் நாள் ஒரு பாட்டி வீட்டுக்குப் போனோம். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே, பைன் சருகு மேல், உள்ளங்கை அளவு ஓட்டுத் துண்டு ஒன்று கிடந்தது. விண்கலத்தின் அடிவயிற்றில் ஒட்டுவார்களே, வெப்பத்தைத் தடுக்கிற ஓடு. ஒரு பக்கம் கறுப்பு, கண்ணாடி பூசியது போல வழவழப்பு. உடைந்த பக்கம் வெள்ளை வெளேரென்று, அமுக்கினால் பொடிந்துவிடும் போல. கறுப்புப் பக்கத்தில் அச்சடித்த எண்ணில் பாதி மிச்சம் இருந்தது. அந்தப் பாட்டி ராத்திரி முழுக்க அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, நாய் புரட்டிவிடாமல் மேலே செங்கல் வைத்திருந்தார். "அந்தப் பிள்ளைகளோடது, பத்திரமா எடுத்துட்டுப் போங்க" என்றார். குனிந்து படம் எடுக்கும்போது என் கை நடுங்கியது.

நாங்கள் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹெம்ப்ஹில்காரர்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரும் கிடைத்தது அந்த மாவட்டத்தில்தான், பத்துப் பதினோரு நாளுக்குள். மழையும் குளிரும். அந்தக் காட்டில் முள்கொடி இடுப்பு உயரம் பின்னிக் கிடக்கும், ஜீன்ஸ் கிழிந்து ரத்தம் வரும். மரம் வெட்டுகிறவர்கள், கடை வைத்திருந்தவர்கள், தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள் எல்லாரும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வரிசையாக நின்று நடந்தார்கள். ஒவ்வொருவர் கிடைத்த இடத்திலும் ஊர்ப் பாதிரியார் வந்து ஜெபம் சொன்ன பிறகுதான் அங்கிருந்து எடுத்துப் போனார்கள். முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கூடத்தில் ஊர்ப் பெண்கள் சமையலை ஏற்றுக்கொண்டார்கள். காட்டிலிருந்து வந்தவனுக்கு எந்த நேரமானாலும் சூடாகச் சாப்பாடு இருந்தது.

அருங்காட்சியகம் இந்தத் தேடலைத்தான் காட்டுகிறது, விபத்தை அல்ல. அதனால்தான் பிள்ளையைக் கூட்டிப் போங்கள் என்கிறேன். ஹூஸ்டன் மையத்தில் ராக்கெட்டைப் பார்க்கலாம். இங்கே பார்ப்பது பைன் மரங்களுக்கு நடுவே கைக்கெட்டும் தூரத்தில் வரிசை கட்டி நிற்கும் மனிதர்களின் படங்களை. நான் போனது 2013-ல். அப்போது அங்கே இருந்த அம்மாவிடம் சும்மா "நீங்கள் அன்றைக்கு ஊரில் இருந்தீர்களா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், முக்கால் மணி நேரம் பேசினோம். பலகைகளைப் படித்துவிட்டு வந்துவிடாதீர்கள், அங்கே இருப்பவர்களிடம் உங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

பயம் பற்றி: அவளுக்கு ஏற்கெனவே தெரியும், ஏழு பேர் இறந்தார்கள் என்று. அவளுக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். அதைக் காரில் போகும்போதே சொல்லிவிடுங்கள். ஹெலிகாப்டர் விபத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், அங்கே திடீரென்று பார்த்து அதிர வேண்டாம். மார்ச் 27 அன்று, தேடிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் ஒன்று ஆஞ்செலினா காட்டில் விழுந்தது. விமானியும் டெக்சாஸ் வனத்துறை ஊழியர் ஒருவரும் இறந்துபோனார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் ஏழு என்று சொன்னால் இந்த இருவரையும் சேர்த்துத்தான் நினைப்பார்கள்.

மலர்_ஹூஸ்டன்

படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாளியைக் கவிழ்த்து வைத்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுபடி வாசிக்கச் சொன்னார். சரி, போவதென்று முடிவு செய்துவிட்டோம்.

அம்மா ஒன்று கேட்கிறார். ஏழு பேரும் கிடைத்த பிறகும் மாதக் கணக்கில் ஏன் தேடினார்கள்? உடைந்த ஓடும் தகடும் கிடைத்து என்ன ஆகப் போகிறது?

பைன்காடு

அம்மாவின் கேள்வி சரியான கேள்வி. பதில் அந்தத் துண்டுகளில்தான் இருந்தது, அம்மா.

விண்கலம் கிளம்பிய 82-வது நொடியில், வெளி எரிபொருள் தொட்டி மேல் வெப்பத்தைத் தடுக்கப் பூசிய கெட்டி நுரையிலிருந்து கைப்பெட்டி அளவு துண்டு ஒன்று பிய்ந்து இடது இறக்கையின் முன் விளிம்பில் மோதியது. எடை முக்கால் கிலோ அளவுதான். அந்த லேசான நுரையா இறக்கையை உடைத்திருக்கும் என்று நாசாவிலேயே பலர் நம்பவில்லை. அப்படியானால் ஆதாரம் வேண்டும். அது கிழக்கு டெக்சாஸ் காட்டில் சிதறிக் கிடந்தது.

அதனால் காட்டுத்தீ அணைக்கும் குழுக்களை நாடு முழுவதிலிருந்தும் வரவழைத்தார்கள். அவற்றில் அமெரிக்கப் பழங்குடியினர் குழுக்கள் நிறைய. ஹெம்ப்ஹில், நாக்கடோச்சஸ், பாலஸ்டைன், கார்சிகானா என்று நான்கு முகாம்கள். காலையில் இறங்கினால் பொழுது சாய்கிற வரை நடை. மொத்தம் 25,000 பேர் வரை இந்த வேலையில் பங்கெடுத்தார்கள். மார்ச் 19 அன்று ஹெம்ப்ஹில் பக்கத்தில் ஒரு குழுவின் கண்ணில் பெட்டி ஒன்று பட்டது. கொலம்பியாவின் பதிவுக் கருவி! உள்ளே காந்த நாடா கெடாமல் இருந்தது. இந்த வகை விண்கலங்களில் முதன்முதலில் பறந்தது என்பதால் சோதனைக்காகக் கொலம்பியாவில் மட்டும் இந்தக் கருவியும் நூற்றுக்கணக்கான உணரிகளும் வைத்திருந்தார்கள். இடது இறக்கையின் விளிம்புக்குப் பின்னால் சூடு ஏற ஆரம்பித்தது எப்போது, அது எப்படிப் பரவியது என்பதெல்லாம் அந்த நாடாவில் இருந்தது. அப்புறம் ஜூலையில் சான் அன்டோனியோவில் அதே அளவு நுரைத் துண்டை அதே வேகத்தில் இறக்கை விளிம்பில் அடித்துப் பார்த்தார்கள். ஓரடிக்கு மேல் அகலமாக ஓட்டை விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் நுரையைச் சந்தேகிக்கவில்லை.

டல்லாஸ்_ரவி

இவ்வளவு விஷயம் தெரியாமல் அந்த இடத்தை அரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். மறுபடி ஒருமுறை போக வேண்டும். முழு விண்கலமும் கிடைத்துவிட்டதா?

பைன்காடு

இல்லை ரவி. சுமார் 84,000 துண்டுகள். எடையில் பார்த்தால் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. மற்றதில் நிறைய வானத்திலேயே எரிந்துபோனது, கொஞ்சம் இன்னும் காட்டிலும் நீரிலும் கிடக்கும். 2011-ல் கடும் வறட்சி வந்து நாக்கடோச்சஸ் ஏரியில் தண்ணீர் இறங்கியபோது, சேற்றில் மூன்றடிக்கு மேல் விட்டமுள்ள உருண்டைத் தொட்டி ஒன்று வெளியே தெரிந்தது. எட்டு வருடம் தண்ணீருக்கு அடியில் கிடந்திருக்கிறது. இப்போதும் அந்தப் பக்கம் நடக்கும்போது எதையாவது பார்த்தால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள். எடுத்து வைத்துக்கொள்வது குற்றம்.

மலர்_ஹூஸ்டன்

சனிக்கிழமைக்குப் போன் செய்து உறுதி செய்துவிட்டேன். மகள் கேள்விகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அதில் இரண்டு உங்களுக்கு. "அந்த மாமா பார்த்த ஓடு இப்போ எங்க இருக்கு? அதுல என்ன நம்பர் இருந்தது?"

பைன்காடு

முதல் கேள்விக்குப் பதில் தெரியும். எல்லாத் துண்டுகளும் லூசியானாவில் இருக்கும் பார்க்ஸ்டேல் விமானப்படைத் தளத்துக்குப் போய், அங்கிருந்து லாரிகளில் கென்னடி விண்வெளி மையத்துக்குப் போயின. அங்கே பெரிய கொட்டகைத் தரையில் விண்கலத்தின் வடிவத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து, எந்தத் துண்டு எந்த இடத்தைச் சேர்ந்ததோ அங்கே வைத்துப் பார்த்தார்கள். 1986-ல் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தின் துண்டுகளைப் போல மண்ணுக்குள் மூடி வைக்கவில்லை. அந்த மையத்தில் விண்கலங்களைப் பொருத்தித் தயார் செய்த பெரிய கட்டடத்திலேயே ஒரு பகுதியில் வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் கேட்டால் கடனாகவும் கொடுக்கிறார்கள். என் ஓடும் அங்கே ஏதோ ஒரு பெட்டியில் இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு, எண்ணைப் படிவத்தில் எழுதிக் காவலரிடம் கொடுத்துவிட்டேன். எனக்கென்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ள அன்றைக்குத் தோன்றவில்லை. 7-ல் முடிந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது என்று பாப்பாவிடம் சொல்லுங்கள்.