அமெரிக்க பிரைமரி தேர்தல்: எந்த நாளில் வாக்களிப்பது என்பதும் ஒரு முடிவுதான்

புதிதாக அமெரிக்கா வந்து, நவம்பர் தேர்தலுக்குப் பல மாதம் முன்பே டிவியில், வழக்கமாக முதலில் வாக்களிக்கும் மாநிலங்களான ஐயோவா, நியூ ஹாம்ப்ஷயர் என்று ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் ஓர் எச்சரிக்கை. எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு இந்தத் தேர்தல்களில் வாக்குரிமை கிடையாது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவத்தில் வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்று கேட்டிருப்பார்கள். அவசரத்தில் ‘ஆம்’ என்று குறித்துக் கையெழுத்திட்டால், குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்ன குற்றமாகி, பின்னாளில் நாடு கடத்தப்படும் அளவுக்கும் போகலாம். இனி நான் சொல்வது, குடியுரிமை பெற்று முதல் முறையாக பிரைமரியில் வாக்களிக்கப் போகிறவர்களுக்கு.

நம் ஊரில் விருப்ப மனு, நேர்காணல், பட்டியல் என்று வேட்பாளரைக் கட்சித் தலைமையே முடிவு செய்துவிடும். இங்கே கட்சியின் அதிபர் வேட்பாளரை மாநில வாக்காளர்கள் வெவ்வேறு நாட்களில் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுதான் பிரைமரி. 2024 மக்களவைத் தேர்தலும் ஏழு கட்டமாக நடந்ததே என்று கேட்கலாம். ஆனால் அங்கே கடைசிக் கட்டம் முடியும்வரை வாக்குக் கணிப்பை வெளியிடுவதற்குக்கூடச் சட்டத்தில் இடமில்லை. எண்ணிக்கை ஜூன் 4 அன்றுதான். முந்தி வாக்களித்தவர்களின் மனம் பிந்தியவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது அங்குள்ள ஏற்பாடு. இங்கே ஒவ்வொரு மாநிலத்தின் முடிவும் பெரும்பாலும் அன்றிரவே வந்துவிடுகிறது. அடுத்த மாநிலத்தார் அதைப் பார்த்துத்தான் வேட்பாளர்களை எடைபோடுகிறார்கள்.

அப்படிப் பார்க்கும்போது யார் வென்றார் என்பதைவிட, எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகினார் என்பதையே கவனியுங்கள். 1992இல் ஜனநாயகக் கட்சியின் போட்டியில், ஐயோவாவின் சொந்த செனட்டரான டாம் ஹார்கின் அங்கே 76 சதவீதம் பெற்றார். சொந்த ஊரில் வென்றவரைப் பற்றி அடுத்த ஊர்க்காரருக்கு அதிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை, அவரும் விரைவிலேயே விலகினார். 2004இல் அதே கட்சியில் நடந்தது இதற்கு நேர்மாறு. முந்தைய ஆண்டின் கடைசியில் கருத்துக்கணிப்புகளில் ஹோவர்ட் டீன் முன்னணியில் இருந்தார். ஜனவரி 19 அன்று ஐயோவாவில் ஜான் கெரி 38 சதவீதமும் டீன் 18 சதவீதமும் பெற்றதும், அதுவரை கெரியைப் பொருட்படுத்தாதவர்கள்கூட, ‘நேரில் பார்த்துப் பேசியவர்கள் இவரிடம் ஏதோ கண்டிருக்கிறார்கள்’ என்று திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தேர்தலை ஆராய்ந்த பிரையன் நைட், நேதன் ஷிஃப் என்னும் பொருளியலாளர்கள், முதலில் வாக்களிக்கும் மாநிலத்தாரின் செல்வாக்கு கடைசியில் வாக்களிப்பவர்களுடையதைப் போல ஐந்து மடங்கு வரை இருப்பதாகக் கணக்கிட்டார்கள். பிந்தியவர்களுக்குத் தகவல் அதிகம், தேர்ந்தெடுக்க மிஞ்சியிருக்கும் பெயர்கள்தான் குறைவு. என் கண்ணுக்கு இது நியாயமான ஏற்பாடாகத் தெரியவில்லை, ஆனால் இருப்பது இதுதான்.

இதன் உறைப்பை நான் உணர்ந்தது 2020இல், டல்லாஸ் பக்கம். டெக்சாஸில் முன்கூட்டிய வாக்களிப்பு பிப்ரவரி 18 முதல் 28 வரை நடந்தது. என் பக்கத்து வீட்டுக்காரர், கூட்டத்துக்கு அஞ்சி, ஒரு வாரம் முன்பே நூலகத்தில் போய் ஜனநாயகக் கட்சியின் போட்டியாளர்களில் ஒருவரான ஏமி குளோபுச்சருக்கு வாக்களித்துவிட்டு, ‘வாக்களித்தேன்’ ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தார். ஐயோவாவில் நான்காவதாகவும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவதாகவும் வந்திருந்த பைடன், பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் பெருவாரியாக வென்றார். மறுநாள் இன்னொரு போட்டியாளரான பீட் பூட்டஜஜ் விலகினார். அதற்கு மறுநாள் விலகிய குளோபுச்சர், அன்று மாலையே டல்லாஸ் மேடையில் ஏறி பைடனுக்கு ஆதரவு கேட்டார். மறுநாள், தேர்தல் நாளான செவ்வாயன்று, டெக்சாஸ் உட்பட பத்து மாநிலங்களில் பைடன் வென்றார். பக்கத்து வீட்டுக்காரரின் வாக்கு செல்லும், ஆனால் போட்டியில் இல்லாத ஒருவருக்கு. போட்ட வாக்கை மாற்றவும் டெக்சாஸில் வழியில்லை.

ஆகவே, யார் என்று மனத்தில் உறுதியாக இருந்தால் முதல் நாளே போய்விடுங்கள். இருவர் மூவருக்கிடையே ஊசலாடினால், வேலையில் அரை நாள் விடுப்பு எடுத்தாவது தேர்தல் நாளன்று போவதே நல்லது. டெக்சாஸில் கட்சிப் பதிவு கிடையாது. வாக்குச்சாவடி மேசையிலேயே எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள், ஆனால் ஒரு கட்சியில் வாக்களித்தவர் அதே ஆண்டு மறு கட்சியின் மறுசுற்றில் (யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது நடக்கும் இரண்டாம் வாக்கெடுப்பு) வாக்களிக்க முடியாது. நியூயார்க், பென்சில்வேனியா போன்ற இடங்களில் அந்தக் கட்சியில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். கடைசித் தேதியை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அதே சீட்டில் நீதிபதி, ஷெரிஃப் (கவுன்டி காவல் தலைவர்) பதவிகளுக்குப் போட்டியிடுகிறவர்கள் என்று கீழே நீளமாகப் பெயர்கள் வரும். அவர்களைப் பற்றி எந்த ஐயோவாவும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லித் தராது. மாதிரி வாக்குச்சீட்டை உங்கள் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்திலிருந்து எடுத்து, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தேடிப் படித்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். டெக்சாஸ் வாக்குச்சாவடிக்குள் போனைப் பார்க்க விடமாட்டார்கள்.