படகுக்குள் ஈரம்: மளிகையை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி (சேலம், அம்மாப்பேட்டை)
கொச்சியில் 31 அடி பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, நானும் கணவரும் அதிலேயே குடியிருக்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் நீண்ட பயணம். என்ஜின், பாய் வேலைகளை அவர் பார்த்துக்கொள்கிறார். எனக்குக் கவலை ஈரம்தான். மெத்தைக்கு அடியில் பூஞ்சை. கடல் நீரில் துவைத்த துணி காய்வதே இல்லை. இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். லீ பஜாரில் மூன்று மாத மளிகை வாங்க வேண்டும். எப்படிக் கட்டிக்கொண்டு போவது?

ஏற்காட்டிலிருந்து
மூடுபனிக் காலத்தில் எங்களுக்கும் இதே பாடுதான் அம்மா. மெத்தை பலகையோடு ஒட்டவே கூடாது. அடியில் சட்டம் அடித்து இடைவெளி விடுங்கள், காற்று ஓடட்டும். துணியில் தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசி அலசல் மட்டுமாவது நல்ல தண்ணீரில்.

கப்பல் சமையலில் இருந்தவன்
அட்டைப்பெட்டி எதையும் படகில் ஏற்றாதீங்க தங்கச்சி. அதன் மடிப்பில் கரப்பான் முட்டை இருக்கும், அப்புறம் விரட்டவே முடியாது. எல்லாவற்றையும் கரையிலேயே பிரித்து, பருப்பு, மிளகாயை மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் அடைங்க. பெரிய டின் ஒன்றில் ஈரம் புகுந்தால் மொத்தமும் போச்சு. வெல்லம் கசியும், குறைவாக வாங்குங்க. நம்ம ஊர் ஜவ்வரிசி தாராளமாக எடுத்துக்கலாம்.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணா. அட்டைப்பெட்டி விஷயம் தெரியாமல் ஏற்கெனவே நாலு பெட்டி உள்ளே வைத்திருக்கிறோம். இன்றைக்கே அவருக்குப் போன் போட்டு வெளியே எடுக்கச் சொல்கிறேன்.