மூன்று நிறுவனங்கள், ஒரே கம்பி: இதற்குப் பெயர் போட்டியா?

மலர்விழி, பாடாங் செராய்:
வணக்கம். தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) டியூஷன் நடத்துகிறேன். மாலையில் வகுப்பு தொடங்கினால் இணைய வேகம் விழுந்துவிடுகிறது. வேறு நிறுவனத்துக்கு மாறினேன். வந்தவர் அதே பழைய ஃபைபர் கம்பியைப் புது மோடத்தில் சொருகிவிட்டுப் போனார், வேகமும் அதேதான். கம்பி ஒன்றுதான் என்றால் மூன்று நிறுவனங்கள் எதற்கு? தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வரும் பிள்ளைகளுக்கோ அந்தக் கம்பியும் இல்லை. யாரிடம் கேட்பது?

பழைய லைன்மேன், கூலிம்:
டீச்சர், கம்பி ஒருவருடையது. மற்றவர்கள் அதில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆனால் அந்த வாடகையைக் கம்பிக்காரர் நினைத்தபடி ஏற்ற முடியாது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி, மலேசியாவில் இத்துறையைக் கண்காணிக்கும் எம்சிஎம்சி ஆணையம் அதற்கு உச்ச விலை வைக்கிறது. அதிவேக ஃபைபருக்கு இது 2018இல் நடப்புக்கு வந்தது. அந்த ஆண்டே வீட்டுக் கட்டணங்கள் இறங்கின. இது சரியான சட்டம் என்று அடித்துச் சொல்வேன். இந்த ஃபைபரைப் போட, அரசும் டெலிகோம் மலேசியாவும் 2008இல் ஒப்பந்தம் செய்த 1,130 கோடி ரிங்கிட் திட்டத்தில் 240 கோடி அரசுப் பணம். மக்கள் பணம் கலந்த கம்பியில் அடுத்தவருக்கும் இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

வேகத்துக்கு வருவோம். வைஃபையை விட்டுவிட்டு, கணினியை லான் கம்பியால் மோடத்தோடு இணைத்து மாலையில் சோதியுங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு வீட்டுக்கு வெளியே.

கவிதா, சுங்கை பட்டாணி:
அந்தச் சோதனையைப் படம் பிடித்து வையுங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார் எண் வாங்க வேண்டும். தீராவிட்டால் தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றம், பிறகு எம்சிஎம்சி. போட்டி ஆணையத்துக்கு எழுதிக் காலத்தை வீணாக்காதீர்கள்; 1998 சட்டத்தின்கீழ் வரும் தொழில்களுக்கு 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் செல்லாது.

மலர்விழி:
நன்றி அக்கா. ஐயா, லயத்துக்கு என்ன வழி?

பழைய லைன்மேன்:
அதுதான் எனக்கு ஆறவில்லை. உச்ச விலை, போட்டது வரைக்கும்தான் பேசும். போடாத கம்பியைப் போடு என்று அது யாரையும் கட்டாயப்படுத்தாது. தோட்டமோ தனியார் நிலம். நிர்வாகம் கையெழுத்துப் போடாமல் ஒரு கம்பம்கூட நட முடியாது. வீடுகள் குறைவு, லாபம் இல்லை என்று நிறுவனங்கள் ஒதுங்கிவிடுகின்றன.

இதற்காகவே அனைவருக்குமான சேவை நிதி இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில், விதிப்படி கணக்கிட்டு, 6 விழுக்காடு அதில் கட்டுகின்றன. பின்தங்கிய பகுதிகளுக்கான பணம் அது. லயத்துப் பிள்ளைகள் கேட்பது சலுகை இல்லை, உரிமை.

இன்னொன்று. மலாக்கா ஜாசினில் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் வீடுகளுக்கு ஃபைபர் கொண்டுபோய்ச் சோதித்தது. மின்கம்பம் போகாத லயம் ஏது? வீட்டு எண்ணிக்கை, படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், கடைசி ஃபைபர் பெட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு மனுவாக எழுதுங்கள். தோட்ட மேனேஜரின் சம்மதக் கடிதத்தை முதலில் வாங்குங்கள். அது இல்லாத மனு மேசையிலேயே கிடக்கும். பிறகு எம்சிஎம்சிக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பலாம். கம்ப வரிசையை நான் வந்து பார்த்து வரைந்து தருகிறேன். ஞாயிறு காலை சௌகரியப்படுமா?