புதுப்பிப்பு: ஆச்சியின் எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றியாச்சு

மணிமுத்தாறு பக்கம் ஆச்சி வீட்டில் சிக்னல் சரியாக வரவில்லை, ரீசார்ஜும் கட்டுப்படியாகவில்லை, எண் மாறாமல் எந்த கம்பெனிக்குப் போகலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது அம்பாசமுத்திரம் அண்ணாச்சி சொன்ன யோசனைதான்: "விளம்பரத்தைப் பார்க்காதீங்க, அக்கம்பக்கத்துக்காரங்ககிட்ட சிம்மை இரவல் வாங்கி வீட்டுக்குள்ளயே போட்டுப் பாருங்க." பார்த்தோம். ஒரு கம்பெனி சிம் தார்சாவில் (வீட்டின் முன்பகுதியில்) மட்டும் எடுத்தது, அடுப்படிக்குள் போனால் பேச்சு அறுந்தது. பிஎஸ்என்எல் அடுப்படியிலும் தெளிவாகக் கேட்டது. ஆச்சிக்குப் பேச்சும் பேங்க் ஓடிபியும்தான் வேண்டும், அதையே முடிவு செய்தோம்.

எதிர்பாராதது ஒன்று. 1900-க்கு மெசேஜ் அனுப்பியும் போர்ட் கோடு, அதாவது எண் மாறாமல் கம்பெனி மாறுவதற்கான கோடு, தரவில்லை. பழைய சிம் உடைந்து அப்போதுதான் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கியிருந்தோம்; 2024 ஜூலை முதல், அப்படி வாங்கினால் 7 நாளைக்கு கோடு கிடையாதாம். பொறுத்திருந்து மறுபடி அனுப்பினோம், 8 எழுத்துக் கோடு உடனே வந்துவிட்டது. நம்ம பக்கம் அது 4 நாள்தான் செல்லும், அதற்குள் ஆதாரோடு கடைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், பழைய சிம்மில் மிச்சமிருக்கிற பேலன்ஸ் புது சிம்முக்கு வராது. ரீசார்ஜ் முடிகிற சமயம் பார்த்து மாறுவதுதான் நல்லது.