ஜேஆர்எஃப் இரண்டு வருடம் முடிந்தும் எஸ்ஆர்எஃப் ஆகவில்லை

ஆய்வுப்பூனை: யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகையில் இரண்டு வருடம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை உதவித்தொகைக்கு மாற்றவில்லை, இன்னும் மாதம் 37,000 ரூபாய்தான் வருகிறது. நெறியாளர் "பார்க்கலாம்" என்கிறார், அலுவலகத்தில் கோப்பே வரவில்லையாம். ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன்னால் பேசி கையெழுத்து வாங்கியிருக்கிறேனே, அது போதாதா?

சோதனைக்குழாய்: போதாது. அது யுஜிசியின் 2022 விதிமுறைப்படி பிஎச்டி பதிவுக்கான மதிப்பீடு. எஸ்ஆர்எஃப்-க்குத் தனியாக மூன்று பேர் குழு உட்கார வேண்டும்: நெறியாளர், துறைத்தலைவர், வெளியிலிருந்து ஒரு வல்லுநர். அந்த வெளி ஆளிடம் தேதி வாங்குவதற்குள்தான் உயிர் போய்விடும்! நெறியாளரை நம்பி உட்காராமல் நீங்களே துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்காலர்: எனக்கு எட்டு மாதம் இழுத்தது. அப்புறம் இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 5,000 வீதம் நிலுவையாக மொத்தமாக வந்தது, வாடகைப்படி வித்தியாசம் தனி. ஆனால் ஒன்று, உதவித்தொகை மொத்தம் 5 வருடம்தான், பிஎச்டிக்கோ 6 வருடம் வரை போகலாம். கடைசி வருடத்துக்கு இப்போதே ஏதாவது சேர்த்து வையுங்கள்.

ஆய்வுப்பூனை: சரி, திங்கட்கிழமை கடிதத்தோடு போகிறேன்.