சொந்தப் பாடல்களுக்கு உரிமம் கொடுக்க யாரை, எப்படி அணுகுவது?

வணக்கம் நண்பர்களே. நானே இசையமைத்துப் பாடிப் பதிவு செய்த பாடல்கள் சில கைவசம் இருக்கின்றன. படம், விளம்பரம், வெப் சீரிஸுக்கு உரிமம் கொடுக்க ஆசை. பாடலின் உரிமை, ஒலிப்பதிவின் உரிமை இரண்டும் என்னிடமே இருப்பதால் கேட்பவர்கள் வேறு யாரிடமும் அனுமதிக்கு அலைய வேண்டாம். குரல் இல்லாத வடிவமும் தயார். ஃபைலிலேயே பெயர், மின்னஞ்சல், ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் தனி அடையாள எண்) எல்லாம் சேர்த்துவிட்டேன்.

சரி, படம், சீரிஸுக்குப் பாடல் தேர்ந்தெடுத்து உரிமம் பெறும் மியூசிக் சூப்பர்வைசருக்கு முதல் மின்னஞ்சலில் என்ன எழுதுவது? இரண்டு பாடலுக்கு லிங்க் போதுமா? பதில் வராவிட்டால் எப்போது நினைவூட்டலாம்?

அப்புறம், ஒரு மியூசிக் லைப்ரரி (பலரின் இசையைச் சேர்த்துவைத்து உரிமம் கொடுக்கும் நிறுவனம்) எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தம் கேட்கிறது. பாடலை வேறெங்கும் கொடுக்க முடியாமல் பூட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள், எந்த ஷரத்தை முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.